10 மீட்டர் ஏர் பிஸ்டலின் குழல்: முனை, அடைப்பு வளையம், சுத்தம், பெல்லட் தேர்வு – முழுமையான வழிகாட்டி

போட்டிக்குரிய ஏர் பிஸ்டல் ஒன்றில் குறி சிதறத் தொடங்கியதும் பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது குழலைத்தான். உண்மையில் குழல்தான் அந்தத் துப்பாக்கியிலேயே மிக அரிதாகக் கெடும் உறுப்பு. மென்மையான ஈய பெல்லட், வினாடிக்கு 150 மீட்டரை ஒட்டிய மிதமான வேகம், வெடிமருந்தின் சூடோ கரியோ இல்லாத வெறும் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து அதன் உட்சுவரைத் தேய விடுவதில்லை. கெடுவது பெரும்பாலும் குழலின் இரு முனைகளும் அவற்றைச் சுற்றியுள்ள சிறு பாகங்களும்தான். ஆகவே இந்த வழிகாட்டி, சோதனையைச் செய்யவேண்டிய வரிசையிலேயே அமைந்துள்ளது. வரிசையை மாற்றினால், அடைப்பு வளையத்தின் கோளாறுக்காகக் குழலைத் தேய்ப்பதும், முனையில் ஒட்டிய அழுக்குக்காகப் புது பெல்லட் டப்பாக்களை வாங்குவதுமாகப் பணமும் பயிற்சி நாட்களும் வீணாகும்.

இங்கே பேசப்படுவது 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள, அழுத்தக் காற்றுச் சிலிண்டரில் இயங்கும் போட்டித் துப்பாக்கி மட்டுமே. சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி அதன் எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. சுடும் விசையின் (டிரிகர்) இழுவிசை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. 420 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் உயரமும் 50 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட சோதனைப் பெட்டிக்குள் அது அடங்கவேண்டும். அரை கிராம் பெல்லட் வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் புறப்படும்போது அதன் ஆற்றல் ஆறு ஜூலுக்கும் குறைவு. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மிகாத, 20 ஜூலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விலக்கு அளிப்பதன் பின்னணி இதுதான். ஆயினும் ஆறு ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது. உரிம விலக்கைப் பாதுகாப்பு விலக்காக எவரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

தொடங்கும் முன்

எந்த வேலைக்கும் முன்னால் துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்யவேண்டும். பின்புறத் திறப்பைத் திறந்து, பெல்லட் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, பிறகு பாதுகாப்புக் கொடியைக் குழலின் முழு நீளத்துக்கும் செலுத்துங்கள். காற்றுத் துப்பாக்கிகளுக்கான கொடி முனையின் வெளியே தெரியும் அளவுக்கு நீளமாக இருக்கவேண்டும் என்று விதி சொல்வது ஒரு சடங்குக்காக அல்ல. குழலின் நடுவில் சிக்கிய பெல்லட் திறப்பின் வழியாகக் கண்ணுக்குத் தெரியாது, கொடியோ அதில் முட்டி நின்றுவிடும். குழலைத் தொடும் வேலை என்றால் சிலிண்டரையும் கழற்றித் தனியே வைத்து, துப்பாக்கிக்குள் மிச்சமிருக்கும் காற்றைப் பாதுகாப்பான திசையில் வெற்றாக விடுவித்துத் தீர்த்துவிடவேண்டும். கையேடு அனுமதிக்காத எந்தத் திருகையும் திறக்கக்கூடாது. குறிப்பாக, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பகுதி வீட்டு மேசையில் பிரிக்கத்தக்கது அன்று.

தேவையான சாமான்கள் மிகக் குறைவு: நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, பஞ்சுக் குச்சிகள், மெல்லிய டிஷ்யூ தாள், 4.5 மில்லிமீட்டர் அளவுக்கான கம்பளிப் பெல்லட்டுகள், உற்பத்தியாளர் பரிந்துரைத்த மசகு, ஒரு குறிப்பேடு. இவற்றில் குறிப்பேட்டைத்தான் பலர் வாங்குவதில்லை.

முதல் படி: முனை

நவீன ஏர் பிஸ்டல்களின் முனையில், குழல் முடிந்த இடத்துக்குச் சற்று முன்னால், நடுவில் துளையுள்ள ஓர் உலோகத் துண்டு இருக்கும். பெல்லட்டுக்குப் பின்னால் பாய்ந்து வரும் காற்றைப் பக்கவாட்டில் விலக்கிவிடும் காற்றுப் பிரிப்பான் அது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் கணத்தில், அதைவிட வேகமாக விரியும் காற்று பெல்லட்டின் பாவாடை போன்ற பின்பகுதியைத் தள்ளி அசைத்துவிடக்கூடும். பிரிப்பான் அந்தக் காற்றை மேலும் பக்கங்களிலும் வெளியேற்றி, பெல்லட் மட்டும் நேராகப் போக வழிவிடுகிறது. மேல்நோக்கிப் போகும் காற்று முனையின் எழுச்சியையும் சற்றே அடக்குகிறது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் துளையிட்ட குழலும் இத்தகைய இணைப்பும் விதிகளால் அனுமதிக்கப்பட்டவை. இதை ஒலியடக்கியோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இதன் வேலை சத்தத்தோடு தொடர்புடையது அன்று. உற்பத்தியாளர் பொருத்திய இந்தத் துண்டுக்குப் பதிலாக வேறொன்றைக் கடைந்து மாட்டும் யோசனையே வேண்டாம். அந்த மாற்றம் துல்லியத்தைக் கெடுக்கும். ஆயுதச் சட்டத்தின் சிக்கலிலும் கொண்டுபோய் விடலாம்.

பூதக்கண்ணாடியால் பிரிப்பானின் துளை விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். நன்றாக இருக்கும் துப்பாக்கியில் விளிம்பெங்கும் ஒரே சீரான சாம்பல் பூச்சு மெல்லியதாகப் படிந்திருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் பளபளக்கும் ஈயத் தீற்றல், அதுவும் புதிதாக இருந்தால், பெல்லட் அந்த விளிம்பை உரசிப் போகிறது என்று பொருள். காரணம் தெரியாமல் திடீரென்று இலக்கின் எட்டாம், ஏழாம் வளையங்களில் போய் விழும் குண்டுகளுக்கு இதைவிட வலுவான சாட்சி வேறில்லை. பஞ்சுக் குச்சியால் தீற்றலைத் துடைத்து, பிரிப்பான் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்து, தளர்வு இருந்தால் கையேடு சொல்லும் முறையில் இறுக்கி, பத்து குண்டுகள் சுட்டு மறுபடியும் பாருங்கள். தீற்றல் அதே பக்கத்தில் திரும்ப வந்தால் துண்டு கோணலாகிவிட்டது. பெரும்பாலும் பெட்டிக்குள் வைக்கும்போதோ மேசை விளிம்பில் மோதியோ நேரும் கோணல் அது. பழுது பார்ப்பவரிடம் போகவேண்டும்.

பிரிப்பானைக் கழற்ற அனுமதி உள்ள மாதிரிகளில், அதைக் கழற்றிக் குழலின் வாய் விளிம்பையும் பார்க்கவேண்டும். பெல்லட்டைக் கடைசியாகத் தொட்டு விடுவது இந்த விளிம்புதான் என்பதால், கண்ணுக்கே தெரியாத கீறல் ஒன்று இங்கே இருந்தால் அது ஒவ்வொரு குண்டையும் ஒரே திசையில் சிறிது சாய்க்கும். பஞ்சுக் குச்சியை விளிம்பில் மெல்லச் சுழற்றும்போது எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே ஒரு பிசிர் இருக்கிறது. அதை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய முயல்வது கீறலைவிடப் பெரிய கேடு.

இரண்டாம் படி: அடைப்பு வளையம்

குழலின் பின்வாயில், பெல்லட்டை உள்ளே தள்ளும் பகுதி குழலோடு சேரும் இடத்தில், ஒரு சிறிய ரப்பர் வளையம் காற்றுக் கசியாமல் அடைக்கிறது. விலை மிகக் குறைந்த இந்த வளையம் வெடித்தாலோ தட்டையாகிவிட்டாலோ, பெல்லட்டின் பின்னால் போகவேண்டிய காற்றின் ஒரு பங்கு பக்கவாட்டில் தப்பிவிடும். எல்லாக் குண்டுகளிலும் ஒரே அளவாகக் கசிந்தால் குறி சற்றுக் கீழே இறங்குவதோடு போய்விடும். ஆனால் கசிவு குண்டுக்குக் குண்டு மாறுவதே வழக்கம்.

சோதனை எளிது. டிஷ்யூ தாளில் ஒரு விரல் அகலத் துண்டைக் கிழித்து, மூடிய பின்வாயின் மேல் இருபுறமும் தொங்கும்படி வைத்து, பாதுகாப்பான குண்டுத் தடுப்பை நோக்கி வழக்கம்போல் ஒரு பெல்லட்டைச் சுடுங்கள். தாள் அசையாமல் கிடந்தால் வளையம் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் துள்ளினால் கசிவு அந்தப் பக்கம். ஒருமுறை துள்ளியதை வைத்து முடிவுக்கு வராமல் ஐந்தாறு குண்டுகள் சுட்டுப் பார்க்கவேண்டும். மாற்று வளையங்கள் எப்போதும் இரண்டு கையிருப்பில் இருப்பது நல்லது. மாற்றும்போது கூர்மையான ஊசியால் நெம்பினால் வளையம் உட்காரும் பள்ளத்தில் கீறல் விழும். மரக் குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ போதும். வளையத்துக்குப் பெட்ரோலியக் கரைப்பான்கள் ஆகாது. குழலுக்கென்று ஊற்றிய கரைப்பான் வழிந்து வந்து வளையத்தை உப்பச் செய்வதுதான் நாம் காணும் பெரும்பாலான வளையச் சேதங்களுக்கு மூலம்.

மூன்றாம் படி: சுத்தம்

குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகளில் நாளடைவில் ஈயமும் பெல்லட்டின் மேற்பூச்சும் மெல்லிய படலமாகப் படியும். ஒரு குறிப்பிட்ட அளவு வரை இந்தப் படலம் நன்மையே செய்கிறது, ஏனெனில் அது வரிகளின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களை நிரப்பி, ஒவ்வொரு பெல்லட்டுக்கும் ஒரே வழுவழுப்பைத் தருகிறது. முழுக்கச் சுத்தமான குழலின் முதல் பத்து, இருபது குண்டுகள் இலக்கில் நிலையில்லாமல் அலைவதை எவரும் சுட்டுப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். போட்டிக்கு முந்தின இரவில் குழலைத் துடைத்து மினுக்குவது, பக்தியோடு செய்யப்படும் தவறு. போட்டி நெருங்கும்போது குறைந்தது ஒரு முழுப் பயிற்சி நாளாவது இடையில் இருக்குமாறு சுத்தத்தை முன்னதாகவே முடித்துவிடவேண்டும்.

எத்தனை குண்டுகளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்குக் கையேடுதான் முதல் விடை. அதற்கு மேல், சிதறல் கூடுவதைக் குறிப்பேடு காட்டும்போது சுத்தம் செய்வதே அறிவுடைய வழி என்பது என் கருத்து. நாள்காட்டியைப் பார்த்துச் செய்யும் சுத்தம் தேவைக்கு அதிகமாகிவிடுகிறது.

செய்முறை இது. மீன்பிடி நரம்பு போன்ற, உலோகம் அல்லாத, வழுவழுப்பான இழையைப் பின்வாயிலிருந்து முனைக்குச் செலுத்தி, பின்வாயில் நிற்கும் அதன் மறுநுனியில் கம்பளிப் பெல்லட்டையோ சிறிய துணித் துண்டையோ கட்டி, பின்னிருந்து முன்னாக, அதாவது பெல்லட் பயணிக்கும் திசையிலேயே, ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும். பாதியில் நிறுத்திப் பின்னுக்குத் தள்ளக்கூடாது. இழுக்கும் கோணம் குழலுக்கு நேராக இருக்கட்டும். சாய்வாக இழுத்தால் இழை முனையின் விளிம்பைத் தேய்க்கும். முதல் துணி கருஞ்சாம்பல் நிறத்தில் வரும், மூன்றாவதோ நான்காவதோ வெளிறிவிடும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். துணி பாலைப்போல் வெளுக்கும்வரை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டாம். சில உற்பத்தியாளர்கள் கம்பளிப் பெல்லட்டுகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துச் சுடுவதையும் அனுமதிக்கிறார்கள். ஒற்றைக் கம்பளிப் பெல்லட் மிக இலேசானது என்பதால் தனியாகச் சுடுவதை அவர்கள் விரும்புவதில்லை. பித்தளைத் தூரிகையும் இரும்புக் கம்பியும் 4.5 மில்லிமீட்டர் போட்டிக் குழலின் அருகிலேயே வரக்கூடாது.

கடற்கரை ஊர்களில் ஒரு கூடுதல் கவனம் தேவை. சென்னை, தூத்துக்குடி போன்ற இடங்களில் குளிரூட்டிய சுடுதளத்திலிருந்து வெளியே வந்த துப்பாக்கியை உடனே பெட்டிக்குள் பூட்டினால், குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் கோத்து, இரண்டே நாளில் முனையைச் சுற்றித் துருப்புள்ளிகள் தோன்றும். துப்பாக்கி அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறந்த பெட்டியில் விட்டு, வெளிப்புற உலோகத்தை மட்டும் எண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடவேண்டும். குழலுக்குள் எண்ணெய் விட்டால் அடுத்த நாள் சுடும் முதல் குண்டுகள் எங்கே போகும் என்று சொல்ல இயலாது. நெடுநாள் வைத்திருக்கும்போது மட்டும் மிக மெல்லியதாகப் பூசி, திரும்ப எடுக்கும்போது முழுவதும் துடைத்தெடுக்கலாம்.

நான்காம் படி: காற்று

சிலிண்டரில் உலர்ந்த காற்று மட்டுமே நிரப்பவேண்டும். ஆக்சிஜனை நிரப்புவது உயிரோடு விளையாடுவது, ஏனெனில் உயர் அழுத்த ஆக்சிஜன் ஒரு துளி எண்ணெயைத் தொட்டாலும் தீப்பற்றி வெடிக்கும். வழக்கமான நிரப்பழுத்தம் 200 பார். வேகமாக நிரப்பினால் காற்று சூடேறி அளவி 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். ஆகவே நிதானமாக நிரப்புங்கள். போட்டிகளில் சிலிண்டரின் செல்லுபடிக் காலமும் சோதிக்கப்படும். தயாரிப்புத் தேதியிலிருந்து பத்து ஆண்டுகள் என்பது அதன் வழக்கமான எல்லை, தேதி சிலிண்டரின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

வேகம் சற்று மாறினால் குறி எவ்வளவு மாறும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பல பயங்களைப் போக்கும். வினாடிக்கு 150 மீட்டரில் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 0.067 வினாடி, அதற்குள் அது சுமார் 22 மில்லிமீட்டர் கீழிறங்குகிறது. வேகம் 145 ஆகக் குறைந்தால் இறக்கம் 23 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டர்தான். இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். ஆகவே வேகமானி காட்டும் சிறு ஏற்ற இறக்கத்துக்காகத் தூக்கம் இழக்கவேண்டியதில்லை. அளவி காட்டும் அழுத்தம் கையேட்டின் கீழ் வரம்பைத் தொடும்போது நிலைமை வேறு: ரெகுலேட்டருக்குப் போதிய அழுத்தம் கிடைக்காமல் குண்டுகள் வரிசையாகக் கீழே இறங்கத் தொடங்கும்.

ஐந்தாம் படி: பெல்லட் தேர்வு

முதல் நான்கு படிகளும் முடிந்த பிறகே இதைத் தொடவேண்டும். பெல்லட்டின் தலை விட்டம் 4.48, 4.49, 4.50, 4.51 என நுண்ணிய வேறுபாடுகளில் விற்கப்படுகிறது. எடை பெரும்பாலும் அரை கிராமை ஒட்டியே இருக்கும். தாளில் வட்டமான துளையைத் தெளிவாக வெட்டுவதற்காகத் தலை தட்டையாக அமைக்கப்பட்டிருக்கும். ஒரே மாதிரித் துப்பாக்கிகள் இரண்டு வெவ்வேறு அளவுகளை விரும்புவது சாதாரணம், ஆகவே நண்பரின் பரிந்துரை இங்கே செல்லாது.

துப்பாக்கியை அதற்கென்று செய்த பிடிப்பானில் பொருத்தி, ஒவ்வொரு வகையிலும் முதலில் ஐந்தாறு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுக் குழலைப் பழக்கி, பிறகு பத்து குண்டுகள் கொண்ட தொகுதிகளாக மூன்றைத் தனித்தனித் தாளில் சுடவேண்டும். தொகுதியின் வெளி விளிம்புக்கு விளிம்பு அளந்து 4.5ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் உள்ள சிதறல் கிடைக்கும். ஒரே ஒரு அழகான தொகுதியைப் பார்த்து மயங்காமல், மூன்றில் மிக மோசமானதையே ஒப்பிடுங்கள். புதுத் துப்பாக்கியோடு தொழிற்சாலையிலிருந்து வரும் சோதனை அட்டை நல்ல அளவுகோல். அதில் உள்ளதைப் போன்ற சிதறல் கிடைத்துவிட்டால் தேடலை நிறுத்தி, டப்பாவில் அச்சிட்ட தொகுப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் இயன்ற அளவு வாங்கி வைப்பது உசிதம்.

இதற்கு எவ்வளவு உழைப்பைச் செலவிடலாம் என்பது சுடுபவரின் தரத்தைப் பொறுத்தது. பத்து வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்; பெல்லட்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து கிடைப்பதால், அதன் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். சுடுபவரின் கை தரும் விலகலும் துப்பாக்கியின் விலகலும் நேராகக் கூட்டப்படுவதில்லை, வர்க்கங்களாகவே கூட்டப்படுகின்றன. கையின் சராசரி விலகல் 6 மில்லிமீட்டராகவும் துப்பாக்கியினுடையது 1 மில்லிமீட்டராகவும் இருந்தால் மொத்தம் ஏறத்தாழ 6.1 மட்டுமே. துப்பாக்கியை முற்றிலும் குறையில்லாததாக ஆக்கினாலும் அந்த 6 குறையப்போவதில்லை. 60 குண்டுகளில் 540ஐத் தாண்டாதவர் ஒரு நல்ல நடுத்தர பெல்லட்டைத் தேர்ந்து, பெல்லட் சோதனைக்கு ஒதுக்கிய மாலைப் பொழுதுகளை விசையை அமுக்கும் பயிற்சிக்கு மாற்றிக்கொள்வதே இலாபம்.

ஈயத்தைத் தொட்ட கையால் எதையும் உண்ணக்கூடாது; பயிற்சி முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுவது பழக்கமாகட்டும்.

ஆறாம் படி: குறியை மறுபடி நிலைநிறுத்துதல்

முனையைத் தொட்டிருந்தாலும் பெல்லட்டை மாற்றியிருந்தாலும் குறி நகர்ந்திருக்கும். பிடிப்பானை விட்டுக் கையில் பிடித்து, வழக்கமான நிலையில் நின்று, இருபது முப்பது குண்டுகளுக்குப் பிறகே பின் குறிமானியைத் திருகவேண்டும். ஒரு சொடுக்கு இலக்கில் எவ்வளவு நகர்த்தும் என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடுவதால், ஐந்து சொடுக்குகள் திருகி நகர்வை அளந்து ஐந்தால் வகுத்து எழுதிவைத்துக்கொண்டால், போட்டியின் ஆயத்த நேரத்தில் யூகிக்க வேண்டியிராது. ஒரே நாளில் பெல்லட், பிடி, குறிமானி மூன்றையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிறகு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பழுது பார்ப்பவரிடம் எப்போது

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 25 அன்று, இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் கோளாறானது. இயக்கும் நெம்புகோல் பழுதாகி, சரிசெய்வதில் மதிப்புமிக்க நிமிடங்கள் போயின. 575 புள்ளிகளோடு அவர் 12ஆம் இடத்தில் நின்றார். குழலுக்கு ஒன்றும் நேரவில்லை, போனது ஒரு சிறு பாகம். மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் அதே போட்டியில் அவர் வெண்கலம் பெற்றார். ஆண்டுக்கு ஒருமுறை, பெரிய போட்டிகள் முடிந்த இடைவெளியில், துப்பாக்கியை முழுச் சோதனைக்கு அனுப்புவதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

இடையில் அனுப்பவேண்டிய நிலைகள்: வளையத்தை மாற்றிய பிறகும் டிஷ்யூ துள்ளுவது, பிரிப்பானின் தீற்றல் ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வருவது, சுடாமல் வைத்திருக்கும்போதே சிலிண்டர் அழுத்தம் இறங்குவது, சுத்தம் செய்து நூறு குண்டுகள் சுட்ட பிறகும் பிடிப்பானில் சிதறல் பழைய அளவுக்குத் திரும்பாதது. அனுப்பும்போது துப்பாக்கியோடு சோதனைத் தாள்களையும், எந்தப் பெல்லட்டில் எந்தத் தேதியில் சுட்டது என்ற குறிப்பையும், இதுவரை எதை மாற்றினோம் என்ற பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். 'சரியாகச் சுடவில்லை' என்ற ஒற்றை வரியோடு வரும் துப்பாக்கியைப் பழுது பார்ப்பவர் முதல் படியிலிருந்து தொடங்க நேரும்; அந்த மணிநேரங்களுக்கான கூலி உங்கள் கணக்கில் ஏறும்.